சொத்தையை நீயே காட்டு

திருவொற்றியூரில் பேச்சாளர் மன்றம் ஆரம்பிப்பது, காசிமேட்டுக்குப் போய் மீன் கூவி விற்பதற்குச் சமம். இங்கே பேசத் தெரியாதவன் யார்? ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே வருகிறார். தண்ணீர் லாரி நின்றால் தெருவே மேடை. கல்யாண மண்டபத்தில் ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால், திரும்பப் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். இவர்களிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள், பேசக் கற்றுத்தருகிறோம்" என்றால் என்ன சொல்வார்கள்? என்னிடம் சொன்னதை எழுத முடியாது.

இருந்தும் ஆரம்பித்தேன். காரணம் சுப்பராயன்.

சுப்பராயன் பருப்பு மொத்த வியாபாரி. நான் மிளகாய் வத்தல். ஒரே தெரு, எதிரெதிர் கடை. வணிகர் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேரும் நின்றோம். அவர் ஏற்கெனவே கடற்கரையில் சிரிப்பு மன்றம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்பார்கள். தேர்தல் அன்றைக்கும் அதே நாற்பது கைகள் உயர்ந்தன. நான் தோற்றேன். கடை வைத்திருப்பவனுக்குக் கிடைப்பது வாடிக்கையாளர், மன்றம் வைத்திருப்பவனுக்குத்தான் ஆள் என்று அன்றைக்கு விளங்கியது.

பேச்சாளர் மன்றங்களுக்கு ஒரு தலைமை அலுவலகம் உண்டு. ஆறு மாதத்துக்குள் இருபது உறுப்பினர் சேர்ந்தால்தான் சாசனம் தருவார்கள். சாசனம் வந்தால்தான் மன்றம். பத்தொன்பது என்றாலும் கிடையாது. "பத்தொன்பதரை?" என்று போனில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

சரக்கு ஒன்றுதான், வாங்குகிறவனுக்கு ஏற்ப அதன் குணத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம், "இருபது வீட்டுக் கதவு திறக்கும்" என்றேன். கல்யாணத் தரகரிடம், "எல்லோரும் தங்கள் குடும்பத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், குறித்துக்கொள்ளும்" என்றேன். செல்போன் கடை ஃபவாஸிடம், "பேச்சையெல்லாம் நீதான் வீடியோ எடுத்து நெட்டில் போடவேண்டும், கடைப் பெயர் கீழே ஓடும்" என்றேன். ராயபுரத்தில் ஓய்வுபெற்ற ஐரீன் டீச்சரிடம், "திருத்துவதற்கு ஆள் தருகிறேன்" என்றேன். டீச்சருக்கு அதைவிடப் பெரிய ஆசை ஏது? மறுநாளே மேஜை மணி ஒன்றோடு வந்துவிட்டார். யாராவது "அது வந்து", "இன்னா" என்று இழுத்தால் மணியில் ஓர் அடி. அடிகளை நோட்டில் கோடு போட்டு எண்ணிக் கூட்டக் கடைசியில் வாசிப்பார்.

ஐந்து மாதத்தில் பத்தொன்பது பேர். கெடு முடிய ஒரு மாதம் இருந்தது. இருபதாவது ஆள் என் கிடங்கிலிருந்தே வந்தான்.

கிடங்கில் பெண்கள் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். அதில் ஷாலு வேகமானவள், வியாசர்பாடி. ஒரு நாள் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பேச சொல்லிக் குடுக்கிறீங்களாமே?"

"ஏன், உனக்கு இருக்கிற பேச்சு போதாதா?"

"எனக்கு இன்னாத்துக்கு? எங்க வூட்டுக்காருக்கு. வூட்ல காது கிழியப் பேசும். எதிர்ல ஒருத்தன் பேன்ட்டு, இன் பண்ண சட்டையோட ஒக்காந்தா போதும், வாயில பூட்டு."

அவள் கணவன் பீம்ராவ், மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருஷமாக ஸ்டாக்கர் ஓட்டுகிறவன். முப்பது டன் பெட்டியை நான்கு மூலையில் கவ்வித் தூக்கி அடுக்குகிற வண்டி அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மூலைப் பூட்டு கவ்வவில்லை. பெட்டி சாய்ந்து, கீழே நின்ற டிரெய்லர் டிரைவருக்குக் கால் போனது. பூட்டு விழுந்துவிட்டதாகப் பச்சை விளக்கு பொய் காட்டியது என்கிறான் இவன். அந்த விளக்கு கெட்டிருப்பதை மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்கிறான். அந்தத் தாள்கள் எங்களிடம் இல்லை, நீ கவனமில்லாமல் ஓட்டினாய் என்கிறது யார்டு. சஸ்பெண்ட். உள்விசாரணை வைத்திருந்தார்கள். அதில் இவனே எழுந்து தன் கட்சியைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வண்டி. இல்லையென்றால் வேலை போச்சு, கவனமில்லாதவன் என்ற பெயரோடு இந்தப் பக்கத்தில் எந்த யார்டும் சேர்க்காது.

"விசாரணை எப்போ?"

"ஏழு வாரம் கீது அண்ணாச்சி."

"ஏழு வாரத்துல ஊமையவே பேச வச்சிருவேன். நாளைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொல்லு" என்றேன். எனக்கு இருபது ஆகிவிட்டது.

முதல் ஞாயிறு பீம்ராவ் தோய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தான். மேடையில் ஏறி, "ஜெய்பீம்" என்றான். ஐரீன் டீச்சர் மணிமேல் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். அது பிழையா, வணக்கமா என்று அவருக்குச் சந்தேகம்.

"தம்பி, மன்றத்துல மதம், அரசியல் ரெண்டும் கூடாது. 'வணக்கம்'னு ஆரம்பி" என்றேன்.

"இது வணக்கம்தான் அண்ணாச்சி."

"தெரியுது. இருந்தாலும் அந்த வணக்கம் வேண்டாம், இந்த வணக்கம்."

வணக்கம் சொன்னான். அதற்குமேல் இரண்டு நிமிடம் பேசினான். முப்பத்தொரு அடி மணி. கடைசி வரிசையில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கோயில் பூசை மாதிரி இருக்கு என்று முணுமுணுத்ததில் ஹால் முழுக்கச் சிரித்தது. பீம்ராவும் சிரித்தான். பிறகு இறங்கி வந்து என் காதில், "டீச்சரு அத்த வேற எங்கியாவது வெச்சா நல்லாருக்கும். வாய தொறக்க சொல்லோ கைதான் கண்ணுக்குத் தெரியுது" என்றான்.

ஆனால் ஆள் விடவில்லை. காலையில் ஷாலுவை விட வரும்போதே கடைப் படியில் நின்று எனக்கு ஒரு பத்தி ஒப்பிப்பான். மூன்றாம் வாரம் பதினாறு அடி. நான்காம் வாரம் ஒன்பது. விசாரணையில் சொல்லவேண்டியதையே முதல் பேச்சாக வைத்துக்கொள்ளலாம், பழகியதும் ஆகும் என்று தீர்மானித்தோம்.

அவன் எழுதி வந்ததைப் படித்துப் பார்த்தேன். பூட்டு, விளக்கு, தேதி, எழுதிக் கொடுத்த தாள், மறுபடி பூட்டு. எல்லாம் உண்மையாக இருந்தது. கேட்க ஆளிருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சாம்பிள் மூட்டையைப் பிரித்ததும், வாங்க வந்தவன் கையை விடுவதற்கு முன்னால், ஒரு சொத்தை வத்தலை நாமே எடுத்து அவன் முன்னால் போட வேண்டும். "பாத்துக்கிடும், இப்படியும் நாலு கிடக்கும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப்பிறகு அவன் மூட்டையைக் கிளற மாட்டான். சொத்தை இல்லாத மூட்டையாக இருந்தால்? வெளியிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"பீம்ராவ், உன் பேச்சுல நீ ரொம்ப சுத்தமா இருக்க. சுத்தமா இருக்கிறவன எவனும் நம்பமாட்டான். உன்கிட்ட ஒரு குறை இருக்கணும். சின்னதா. கேக்கிறவன் 'ஐயோ பாவம்'ங்கிற அளவுக்கு."

"இன்னா கொற அண்ணாச்சி? நா தூங்கவும் இல்ல, குடிக்கவும் மாட்டேன்."

"உனக்குப் புள்ள இருக்கா?"

"பொண்ணு. செங்கொடி. ரெண்டாங்கிளாசு."

கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினைந்து வருஷமாக எதையும் இவ்வளவு லயித்து எழுதியதில்லை. 'அந்த ஒரு நொடி என் கண் முன்னால் விளக்கு இல்லை. காய்ச்சலில் கிடந்த என் மகளின் முகம்தான் இருந்தது.'

அவன் இரண்டு முறை படித்தான்.

"அன்னிக்கி அவளுக்கு ஜொரமே இல்லியே."

"நாளைக்கு வரும். ஏய்யா, இது கதை. இங்க இருக்கிறவன் எவனும் உன் யார்டுக்காரன் இல்ல. இங்க இதச் சொல்லு, கைதட்டு வாங்கு, பயம் போகட்டும். அங்க போய் விளக்கப் பத்தி மட்டும் சொல்லு."

"ரெண்டு பேச்சா?"

"ஒரே மூட்டை, ரெண்டு சாம்பிள்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, நீ பெரிய கேடிப்பா" என்றான். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு விதி: மனப்பாடமானதும் எழுதிய தாளை மேடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் பேச வேண்டும். ஐரீன் டீச்சர் கொண்டுவந்த விதி. ஐந்தாம் ஞாயிறு பீம்ராவ் மேடையேறி, என் கையெழுத்திருந்த பில்லை நான்காகக் கிழித்து மேஜையில் வைத்தான். பேசினான்.

ஏழு நிமிடம். மணி இரண்டே முறை. மகளின் முகம் வந்த இடத்தில் அவன் குரல் தானாகவே உள்ளே போனது. அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. கல்யாணத் தரகர் மூக்கை உறிஞ்சினார். என் மனைவி ஞானசெல்வி, எதற்கும் அழாதவள், புடவைத் தலைப்பை எடுத்தாள். அன்றைய சிறந்த பேச்சாளர் கோப்பையை அவனுக்குக் கொடுத்தேன். பிளாஸ்டிக்தான், ஆனால் பெரிது. அதைப் பேப்பரில் சுற்றி, பைக்கில் நடுவில் வைத்து, ஷாலு பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, போனார்கள்.

ஃபவாஸ் வீடியோவை மத்தியானமே போட்டுவிட்டான். 'ஸ்டாக்கர் டிரைவரின் கண்ணீர்ப் பேச்சு' என்று தலைப்பு, பின்னால் ஒரு வயலின். செவ்வாய்க்கிழமைக்குள் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த வாரம் எங்கள் மன்றத்தில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். வரிசையில் நின்று சேர்ந்தார்கள். இதுவரை நான் தேடிப்போனவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அந்த ருசி இருக்கிறதே, அது வேறு.

ருசி கண்டவன் நிறுத்துவானா? வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்து வீடியோவை ஒவ்வொருவருக்காக அனுப்பினேன். 'உங்கள் ஊழியர்களையும் இப்படிப் பேச வைக்கலாம்' என்று கீழே ஒரு வரி. ஓட்டல், லாரி ஆபீஸ், மாதவரத்துப் பால் ஏஜென்சி. பட்டியலில் 'ர' வந்தது. ரகுபதி. பீம்ராவ் வேலை செய்த யார்டின் மனிதவள மேலாளர். அவர்கள் கேன்டீனுக்கு வத்தல் என்னுடையது. யார்டில் முந்நூறு பேர்.

யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வத்தலை ஒடித்து மோந்து பார்க்கிற நேரம் என் கட்டைவிரல் நின்றது. தங்கள் ஆள் இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே என்று பெருமைப்பட்டு முப்பது பேரை அனுப்புவார் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றியது. அதைத் தோன்றவில்லை என்று வைத்துக்கொண்டு அழுத்தினேன்.

ரகுபதியிடமிருந்து உடனே பதில் வந்தது. 'அருமை அண்ணாச்சி. மிகவும் பயனுள்ளது.'

விசாரணையின் முதல் நாள் முடிந்த மறுநாள், கிடங்கு திறக்கும் நேரத்துக்கு பீம்ராவும் ஷாலுவும் வந்து நின்றார்கள். அவன் வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. முந்தைய நாளே போட்டது.

"போட்டுக் காமிச்சிட்டாங்க அண்ணாச்சி. பெரிய டிவில. நா விளக்கு கெட்டுதுன்னு சொல்லி முடிச்சதும், அந்த ரகுபதி, 'இத்தயும் கொஞ்சம் பாருங்க சார்'னு போட்டான். வயலினோட."

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன்.

"யாரு அனுப்புனாங்கன்னு தெரியல. ஊரே பாத்துச்சு, எவனோ அனுப்பிச்சிருப்பான். அத்த வுடு. நாளன்னிக்கி மறுபடி கீது. சாட்சி கூட்டியாரலாம்னாங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. அந்த வரி நீ எழுதுனது, கதைக்காக எழுதுனதுன்னு. அவ்ளோதான்."

ஷாலு குறுக்கே வந்தாள். "அன்னிக்கி செங்கொடி ஸ்கூல்ல டான்ஸ் ஆடிகினு இருந்தா அண்ணாச்சி. டீச்சராண்ட அட்டெண்டன்சு எழுதி வாங்கிக்கீறேன். நீங்களும் சொல்லிட்டா முடிஞ்சுது."

"வாரேன். இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு வந்து நிக்கியோ? வாரேன்னு சொன்னா வருவேன்" என்றேன்.

ஷாலு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

விசாரணை அன்று காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரகுபதியிடமிருந்து செய்தி. 'முப்பது பேருக்கு மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் அனுப்பலாம். இன்று சந்திப்போம்.' ஞானசெல்வி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"முப்பது பேரா? இல்ல, ஒரு ஆளுக்கு வெலையா?"

"ஏட்டி, அவன் பாட்டுக்கு எழுதியிருக்கான். நான் உண்மையச் சொல்லப் போறேன்."

"நீங்க கடைல பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. உண்மையத்தான் கொறச்சு நிறுப்பீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

யார்டின் மாடியில் ஏசி அறை. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வயதான வக்கீல். பக்கத்தில் ரகுபதி. எதிரே பீம்ராவ், பையில் கையெழுத்து வாங்கிய பள்ளிக்கூடத் தாள். நான் ஓரமாக நாற்காலியில்.

"சார், அன்னிக்கி எம் பொண்ணுக்கு ஜொரமே இல்ல. ஸ்கூலுக்குப் போயிருக்கா. இந்தாங்க, டீச்சர் கையெழுத்து" என்றான் பீம்ராவ். தெளிவாகச் சொன்னான். எங்கள் பயிற்சி.

வக்கீல் தாளைப் படித்தார். "அப்படியென்றால் வீடியோவில் நீங்கள் சொன்னது பொய்?"

"ஆமா சார். கதைக்காக."

"ஒரு ஹால் முழுக்க அழ வைத்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். விளக்கு கெட்டிருந்தது என்பதை மட்டும் நான் எப்படி நம்புவது?"

பீம்ராவுக்கு வாயில் பூட்டு விழுந்தது. நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் கை நீட்டினான். "அந்த வரி எழுதுனது நா இல்ல சார். அண்ணாச்சி எழுதிக் குடுத்தாரு. அதோ ஒக்காந்துகினு கீறாரு. கேளுங்க."

"எழுதிய தாள் இருக்கிறதா?"

"கிழிச்சிட்டேன் சார். அது மன்றத்து விதி."

வக்கீல் என்னைப் பார்த்தார். "நீங்களா எழுதிக் கொடுத்தீர்கள்?"

ரகுபதி தன் போனை மேஜையில் குப்புற வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

நான் எழுந்து நின்றேன். வணக்கம் சொன்னேன். "ஐயா, பேச்சில் தன் குறை ஒன்றைச் சொன்னால் கேட்பவர் மனம் இளகும் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோருக்கும் சொல்வதுதான். எந்தக் குறை என்பது அவரவருக்குத்தானே தெரியும்."

பீம்ராவ் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன், "இன்னா அண்ணாச்சி" என்றான். அவ்வளவுதான். கேள்விகூட இல்லை. அங்கே மணி அடிக்க ஆளில்லை.

இரண்டு வாரத்தில் டிஸ்மிஸ் கடிதம் வந்தது. அதே வாரம் ரகுபதி போன் செய்தார்.

"அந்த முப்பது பேர் விஷயம் இப்போதைக்கு வேணாம்ங்க அண்ணாச்சி. மேல யோசிக்கிறாங்க. இவங்களுக்கெல்லாம் பேசக் கத்துக்குடுத்துட்டு அப்புறம் யார்டு நடத்த முடியுமா, சொல்லுங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். விற்ற சரக்குக்குப் பணம் வராதபோது சிரிக்கத்தான் வேண்டும். அழுதால் அடுத்த ஆளும் தரமாட்டான்.

ஷாலு வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. எட்டு மணிக்கு வருவாள், துணியைக் கட்டுவாள், கிள்ளுவாள். நான் உள்ளே நுழைந்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவள் கை மட்டும் நிற்காது.

சாசன விழா வந்தது. ஐம்பத்திரண்டு உறுப்பினர்கள். ஹால் போதாமல் மாடிப்படியிலும் நாற்காலி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விருந்தினர், கோட் போட்டவர். எனக்கு மாலை. வேடிக்கை பார்க்க வந்த சுப்பராயன் கதவோரம் நின்றார். சாசனத்தை வாங்கி, சட்டம் போட்ட கண்ணாடியை நெஞ்சில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு திடீர்ப் பேச்சு. டப்பாவிலிருந்து சீட்டு எடுத்து, அதிலுள்ள தலைப்பில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். "யார் வருகிறீர்கள்?" என்று ஐரீன் டீச்சர் கேட்டதும், கடைசி வரிசையிலிருந்து பீம்ராவ் எழுந்தான். அவன் வந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆறு மாதச் சந்தா கட்டியவன், வர உரிமை உண்டு. வீடியோ பார்த்துச் சேர்ந்தவர்கள் அவனை அடையாளம் கண்டு விசில் அடித்தார்கள்.

சீட்டை எடுத்துப் படித்தான். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்.'

"ஜெய்பீம்" என்றான்.

மணிமேல் டீச்சர் கை. அடிக்கவில்லை.

"பிளாஸ்டிக்க ஏன் ஒழிக்கணும்? அது நல்ல சாமான். பாத்தாலே பிளாஸ்டிக்குன்னு தெரியும். மன்சன் அப்டி கீறானா?"

மணி. கைதட்டல்.

"நா பதினோரு வருசம் ஸ்டாக்கர் ஓட்டுனேன். முப்பது டன்னு பெட்டிய, அடியில கோழி முட்ட வெச்சாலும் ஒடையாம எறக்குவேன். இன்னிக்கி மீஞ்சூர்ல ஒரு செங்கல் சூளைல லோடு தூக்கறேன்."

மணி.

"அடி டீச்சர், அடி. அது உன் வேல. எனக்குதான் வேல இல்ல."

ஹால் வெடித்துச் சிரித்தது.

"சிரிக்காத மாமு. ஜோக்கு இல்ல." இன்னும் சிரித்தார்கள். "இதோ மாலையோட ஒக்காந்துகினு கீறாரே, இவுருதான் எனக்குப் பேச கத்துக் குடுத்தாரு. எம் பொண்ணுக்கு வராத ஜொரத்த எழுதிக் குடுத்தாரு. அப்பால அங்க வந்து, நா எழுதலன்னு சொன்னாரு. பெட்டி உழுந்தப்போ மணலி வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இவுரு சொன்னப்போ சத்தமே இல்ல. எம் பொண்ணு தெனம் கேக்குது, நைனா, எனக்கு எப்ப ஜொரம் வந்துச்சுன்னு. இன்னான்னு சொல்றது?"

கொஞ்சம் நிறுத்தினான். அந்த நிறுத்தத்தையும் நான்தான் பழக்கியிருந்தேன். முக்கியமான வரிக்கு முன்னால் மூன்று எண்ணு என்று.

"புச்சா சேந்தவங்களுக்குச் சொல்றேன். எந்திரிச்சு வூட்டுக்குப் போங்க. கம்முனு இருந்தவன் எவனும் இங்க கெட்டதில்ல."

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. கல்யாணத் தரகர் இந்த முறையும் மூக்கை உறிஞ்சினார். மதிப்பீட்டாளர் எழுந்து, "தலைப்பை வளைத்த விதம் அபாரம். உடல்மொழி இயல்பு. மண்ணின் மொழியைப் பாத்திரத்துக்காகப் பயன்படுத்தியது நல்ல உத்தி. முடிவுரை மட்டும் கொஞ்சம் எதிர்மறை" என்றார். ஐரீன் டீச்சர் நோட்டைப் பார்த்து, "மணி இரண்டு. நேரம் பத்து விநாடி அதிகம்" என்றார். அவர் குரல் மட்டும் சரியாக இல்லை. மணியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கோட் போட்ட விருந்தினர் என் பக்கம் சாய்ந்தார். கண் பளபளத்தது.

"பிரமாதம். தன்னையே வில்லனா வெச்சு எழுதிக்கொடுக்க ஒரு தைரியம் வேணும். உங்க ஸ்கிரிப்ட்தானே?"

பீம்ராவைத் தேடினேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். சிலர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், கொடுத்துவிட்டுப் போனான்.

"பொதுவாகச் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன்.

சிறந்த பேச்சாளர் கோப்பை மேஜையிலேயே நின்றது. ஃபவாஸ் அதன் பக்கத்தில் வந்து குனிந்தான். "அண்ணாச்சி, இதுவும் போடவா? போன தடவைய விட எகிறும்."

"போடு" என்றேன். "வயலின் வேண்டாம்."

கூட்டம் கலைகிறபோது கதவோரம் நின்றிருந்த சுப்பராயன் என்னிடம் வந்தார். மாலையிலிருந்து ஒரு சாமந்தி இதழைப் பிய்த்து விரலில் உருட்டினார்.

"வே சிவந்தி, அவ்வளவு பேரும் நாடகம்னு தட்டிட்டாவோ. அந்தப் பய சொன்னது நெசந்தான?"

வியாபாரியிடம் வியாபாரி என்ன மறைப்பது? நான் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"அப்போ நெசம் வெளிய வந்தாலும் இங்க கைதட்டுதான். நானும் சேந்துக்கிடுதேன்" என்றார்.

மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"கையெழுத்து கீழ போடும்."